இரண்டாயிரத்து நாலாம் வருடத்து ஜாடி

ஹெர்மன், மிசூரி
12 மார்ச் 2009

தம்பி டெல்மருக்கு,

நான் சுகம். முழங்கால்தான் படி இறங்கும்போது முனகுகிறது. நீயும் வெர்னாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டதா?

புதுச் சரக்கு வந்துவிட்டது. நம் பைப்புக்கு ஐந்து பவுண்டு, சுத்தமான வர்ஜீனியாப் புகையிலை. வாசனைத் தைலம் தடவினதை நான் வாங்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதை எத்தனை வருஷம் வைத்தாலும் சோப்பு வாசனைதான் மிஞ்சும். வழக்கம்போல என் சமையலறை மேசையிலேயே பிரித்தேன், பாதி உனக்கு, பாதி எனக்கு. ஒரே பை, ஒரே கை, ஒரே நாள். அப்போதுதான் நீ அங்கே திறந்து எழுதுவதையும் நான் இங்கே திறந்து எழுதுவதையும் ஒப்பிட முடியும்.

ஜாடிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துவைத்துக் காயவிட்டேன். இலையை ஒரு சிட்டிகை எடுத்து அமுக்கினேன். மெல்ல விரிந்தது. கட்டியாகவும் நிற்கவில்லை, பொடிந்தும் போகவில்லை. அதுதான் பதம். உன் பங்கு ஆறு ஜாடி பார்சலில் வருகிறது. இருட்டில் வை, குளிர்ச்சியாக வை, வீட்டைச் சூடாக்கும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. மூடியில் தேதி எழுதியிருக்கிறேன். 2019-க்கு முன்னால் திறந்து மோந்து பார்த்தேன் என்று எழுதினாயோ, கொலை விழும்.

இந்த வருஷம் திறக்க வேண்டியது 2004-ஆம் வருடத்துக் கடைசி ஜாடி. அக்டோபர் முதல் ஞாயிறு. மறந்துவிடாதே.

போன கடிதத்தில் என் போன் நம்பரைக் கேட்டிருந்தாய். அப்பா சாவுக்கு நீ வராமல் போனபோது என்ன சொன்னேன்? "இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது" என்றேன். நம்பரை மாற்றினதும் அதற்குத்தான். பதினோரு வருஷமாக அப்படியே இருக்கிறேன். ஜாடியைப் பற்றி எழுது, உடம்பைப் பற்றி எழுது, பக்கம் பக்கமாக எழுது. பேச்சு மட்டும் வேண்டாம்.

வெர்னாவைக் கேட்டதாகச் சொல்.

வில்பர்ட்


டுலூத், மினசோட்டா
2 ஏப்ரல் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு ஜாடியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சும்மா முனகவிடாதே.

ஜாடிக்குச் சுற்றியிருந்த செய்தித்தாளையெல்லாம் வெர்னா நீவிவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். "உங்கண்ணன் ஊரு சந்தையில யாரு பன்னிக்குப் பரிசு கெடைச்சுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். உங்கண்ணன் எப்படியிருக்காருன்னுதான் தெரியல" என்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இதுல பாதி இலைக்கு எழுதின லெட்டரு, உங்களுக்கில்ல" என்றாள். அவள் வாயை அடைக்க யாரால் முடியும்?

ஜாடிகளை நிலவறையில் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். அடுப்பு அந்தக் கோடியில் இருக்கிறது, பயப்படாதே.

ஜனவரியில் பிடித்த சளி தொண்டையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. குரல் கரகரவென்று தவளை மாதிரி. "சர்ச்சுல நீங்க பாடாம சும்மா நில்லுங்க, முன் பெஞ்சுல இருக்கறவங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க" என்று வெர்னா மானத்தை வாங்குகிறாள். டாக்டரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அண்ணா, நம்பரைக் கொடு. ஒரே ஒரு தடவை, இரண்டே நிமிஷம். நீ வாயைத் திறக்கக்கூட வேண்டாம், காதை வைத்துக்கொண்டிருந்தால் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்மர்


ஹெர்மன்
21 ஏப்ரல் 2009

தம்பி டெல்மருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொண்டைக்கு வெந்நீரில் தேன் கலந்து குடி. டாக்டரைப் பார்க்கப்போகிறேன் என்று எழுதினால் போதாது, எழுந்து போ.

பக்கத்துவீட்டு ரூடியின் கூத்தைக் கேள். என்னைப் பார்த்து அவனும் போன வருஷம் எட்டு ஜாடி போட்டான். சனிக்கிழமை தவறாமல் எட்டையும் திறந்து மூக்கை விடுகிறான். "என்னடா பண்ற?" என்றேன். "பழுத்துச்சான்னு பாக்கறேன்." "வாராவாரம் மூடியத் தெறந்தா எங்கேருந்துடா பழுக்கும்? உள்ள இருக்கிற காத்து அதோட வேலையப் பாக்க வேண்டாமா?" "உனக்குப் பொறுமை இருக்கு வில்பர்ட், எனக்கில்ல" என்கிறான். பொறுமை என்ன பெரிய பொறுமை. சரியான பதத்தில் மூடிவைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் எதுவும் தானாகச் சரியாகும். என் லுசில் கண்ணை மூடின பிறகு, பெண்டாட்டி இல்லாத இந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிவிட்டேன். மழை போதவில்லை.

வெர்னாவுக்கு என் அன்பு.

வில்பர்ட்


டுலூத்
14 ஜூலை 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. வெர்னாவின் தங்கை வீட்டுக் கூரையை மாற்றினோம், அது இது என்று நாள் ஓடிவிட்டது. கொஞ்சம் மெலிந்திருக்கிறேன். பழைய கால்சட்டையெல்லாம் கயிறு கேட்கிறது. மற்றபடி குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மழை பெய்ததா?

ஒரு நாள் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு நிலவறையில் உட்கார்ந்திருந்தேன். 2019 என்று எத்தனை தைரியமாக எழுதியிருக்கிறாய்! அப்போது எனக்கு எழுபத்தாறு, உனக்கு எண்பத்தொன்று. இதையெல்லாம் யார் திறக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

நீ நம்பரைத் தரவில்லை. மறந்திருப்பாய். சரி, என் நம்பர் மாறவில்லை, பழையதேதான். நீயே கூப்பிடலாம். காலையில் பத்து மணிக்கு மேல் என் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது.

தம்பி,
டெல்மர்


ஹெர்மன்
25 ஜூலை 2009

டெல்மருக்கு,

மழை பெய்தது. நான் சுகம்.

நான் மறக்கவில்லை. நீ திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒரு தடவை முழுக்க எழுதிவிடுகிறேன். பிறகு இந்தப் பேச்சை எடுக்காதே.

அப்பா மூன்று நாள் கிடந்தார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் "டெல்மர் வந்துட்டானா?" என்று கேட்டார். நர்ஸ் வந்தாலும் கேட்டார், பாதிரியார் வந்தாலும் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த நீ கடைசியில் போனில் சொன்னது என்ன? "கப்பல்ல மாட்டிக்கிட்டேன், வர முடியல." அவ்வளவுதான். அந்தக் குரலை நான் எப்படிக் கேட்பேன், சொல். கேட்டால் எனக்கு அந்த அறைக்கதவுதான் ஞாபகம் வரும்.

உன்மேல் பாசம் இல்லை என்று நினைக்காதே. பாசம் இல்லாமலா ஒவ்வொரு இலையாகப் பிரித்து அனுப்புகிறேன்? இது என்னால் முடிந்த அளவு. இதற்குமேல் கேட்காதே.

அக்டோபர் நாலு, ஞாயிறு. ஜாடி.

வெர்னாவையும் கேட்டதாகச் சொல்.

வில்பர்ட்


டுலூத்
4 அக்டோபர் 2009, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். இங்கே குளிர் வந்துவிட்டது, வெர்னா கம்பளிகளை வெளியே எடுத்துவிட்டாள்.

சொன்னபடி இன்று சாப்பாட்டுக்கு அப்புறம் 2004-ஆம் வருடத்து ஜாடியைத் திறந்தேன். ஐந்து வருஷம் வீண்போகவில்லை, அண்ணா. மூடியைத் தூக்கும்போதே உஸ்ஸென்று ஒரு சத்தம். இலை நல்ல கருஞ்சிவப்பு. உலர்ந்த அத்திப்பழ வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் புதுரொட்டி. சோளக்கட்டைப் பைப்பில்தான் போட்டேன். புகை நாக்கைக் கடிக்கவே இல்லை. பாதிக்கு மேல் தேன் மாதிரி இறங்கியது. போன அக்டோபரில் திறந்த நாலு வருஷத்து ஜாடியைவிட இது ஒரு படி மேல் என்று எழுதி வைத்துக்கொள்.

உன் ஜாடி எப்படி? உடனே எழுது. உன் கடிதம் வந்தால் எனக்கு நாள் நன்றாகப் போகிறது.

டெல்மர்


ஹெர்மன்
10 அக்டோபர் 2009

டெல்மருக்கு,

என் ஜாடி எப்படி என்று கேட்டாய். சொல்கிறேன்.

பூசணம். மூடியைத் திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம். முதலில், பழுத்த இலையில் பூக்குமே, அந்தச் சர்க்கரை என்று நினைத்தேன். வெளிச்சத்தில் காட்டினேன். சர்க்கரை என்றால் மின்னும். இது மின்னவில்லை, பஞ்சு பஞ்சாக எழும்பி நின்றது. மேலிருந்து கீழ்வரை அதேதான். மண்வெட்டியால் குழி தோண்டி ஜாடியோடு புதைத்துவிட்டேன்.

தப்பு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் அந்தப் பையின் அடிச்சரக்கு காய்ந்து வந்தது. குழாய்த் தண்ணீரைத் தெளித்தேன். ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பதம் பார்த்திருக்க வேண்டும். தபால் அலுவலகம் மூடிவிடுமே என்று அவசரப்பட்டு அப்படியே அமுக்கி மூடினேன். அந்தச் சரக்கில் இரண்டே ஜாடி. ஒன்று என்னுடையது, இன்னொன்று உன்னுடையது. ஒரே தண்ணீர், ஒரே கை, ஒரே மணிநேரம்.

எனக்கு நனைந்த சாக்கு, உனக்கு அத்திப்பழமா? புதுரொட்டியா? தேனா?

நீ அதைத் திறக்கவே இல்லை. எத்தனை வருஷமாக இப்படி? உட்கார்ந்து வாசனையைக் கற்பனை பண்ணி எழுதி, நீயும் வெர்னாவும் என்னை வைத்துச் சிரித்தீர்களா? அப்பாவிடம் வராததற்கு ஒரு பொய், என்னிடம் இதற்கு ஒரு பொய். ஒரு கிழவனை ஏமாற்றுவதில் உனக்கு என்னடா கிடைக்கிறது?

இனி பார்சல் வராது. கடிதமும் வேண்டாம்.

வில்பர்ட்


டுலூத்
19 அக்டோபர் 2009

மரியாதைக்குரிய வில்பர்ட் அண்ணனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமாக இல்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று மே மாதத்திலிருந்து தடுத்துக்கொண்டிருந்தவர், உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு "எழுது" என்று தலையாட்டினார்.

அவருக்குக் குரல்வளையில் புற்று. மே மாதம் தெரிந்தது. அன்றைக்கே பைப்பை விட்டுவிட்டார். கோடை முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கேட்கவில்லை. நவம்பர் நாலாம் தேதி புதன்கிழமை குரல்வளையை முழுசாக எடுக்கிறார்கள். அதற்கப்புறம் அவருக்குக் குரல் இருக்காது.

உங்களிடம் ஏன் மறைத்தார் என்றால், "அவன் கையால கட்டி அனுப்பினதுடி. கேள்விப்பட்டா தன்னாலதான்னு நெனச்சு உருகிடுவான்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்து அந்த அறிக்கையை எழுதினார். நான் சத்தம் போட்டேன். "எதுக்குங்க இந்தப் பொய்?" என்றேன். "ஜாடியப் பத்தி எழுதலன்னா அவனுக்கு எங்கிட்ட எழுத வேற என்ன இருக்கு?" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை, அண்ணா. இந்த வீட்டில் யாரும் சிரித்தே ரொம்ப நாளாகிறது.

போன நாலு வருஷமும் அவர் எழுதினது நிஜம். ஒவ்வொரு அக்டோபரும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

உங்கள் நம்பர் எங்களிடம் இல்லை. எங்கள் நம்பர் பழையதுதான், கீழே எழுதியிருக்கிறேன். நாலாம் தேதிக்கு முன்னால் கூப்பிடுங்கள். தன் வாயால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். என்னவென்று என்னிடம்கூடச் சொல்லமாட்டேன் என்கிறார். நீங்கள் கோபத்தோடு கூப்பிட்டாலும் பரவாயில்லை. கூப்பிடுங்கள்.

வெர்னா


ஹெர்மன்
9 நவம்பர் 2009

வெர்னாவுக்கு,

அவன் உயிரோடு இருக்கிறானா? அதை முதலில் எழுது.

உன் கடிதம் அக்டோபர் 23-ஆம் தேதியே வந்துவிட்டது. நான் இன்றைக்குத்தான் பிரித்தேன். உறைமேல் டுலூத் விலாசத்தைப் பார்த்தேன், அவன்தான் சமாதானம் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். சூட்டோடு படித்தால் இன்னும் மோசமாகத்தான் ஏதாவது எழுதுவேன், கொஞ்ச நாள் கிடக்கட்டும், ஆறட்டும் என்று நிலவறைக்கு எடுத்துப்போனேன். ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். உறையின் மூலையில் பென்சிலால் தேதிகூடப் போட்டேன், வெர்னா. பதினேழு நாள். தினமும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் ஆகவில்லை என்று மேலே ஏறி வந்தேன்.

எதையும் மூடிவைத்தால் நல்லதாகும் என்று நம்பியே வாழ்ந்துவிட்டேன். நான் ஒரு முட்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காலையிலிருந்து உங்கள் நம்பரைப் போடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தின் தலைப்பில் என் நம்பரை எழுதியிருக்கிறேன். ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அவன் என்ன சொல்ல நினைத்தான்? மூன்றாம் தேதிவரை காத்திருந்தானா?

நீ சாப்பிடுகிறாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

வில்பர்ட்


டுலூத்
21 நவம்பர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் ஒரு துளை, அது வழியாக மூச்சு. கஞ்சி மாதிரி எதையோ வெர்னா குழாயில் ஊற்றுகிறாள். ஒரு சிலேட்டுப் பலகை கொடுத்திருக்கிறார்கள். நேற்று அவளோடு அதிலேயே சண்டை போட்டேன். "அட, எழுத்துலகூட கத்தறீங்களே" என்கிறாள். நீ நன்றாக இருக்கிறாயா? அவள் போனில் பேசியபோது உன் குரல் சரியில்லை என்றாள்.

முதல் காரியமாக நிலவறைக்கு இறங்கி அந்த ஜாடியைத் திறந்தேன். நீ சொன்னது சரி. பூனைக்குட்டி ரோமம் மாதிரி அத்தனை பூசணம். எனக்கு இப்போது வாசனையும் தெரிவதில்லை, மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லை அல்லவா. பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அத்திப்பழம் என்று எழுதினேனே.

நீ அனுப்பின இலையால் வந்தது என்று நினைக்காதே. பதினாறு வயசிலிருந்து சிகரெட்டு, கப்பலில் முப்பது வருஷத்துத் தூசி. கணக்குப் பார்க்கப்போனால் உன் இலைக்குக் கடைசி இடம்தான்.

அப்பா விஷயம். கப்பலில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னது பொய். ஏரி விட்டு ஏரி கப்பலை இறக்குகிற சூ மதகில் எங்கள் கப்பல் நின்றபோது சேதி வந்துவிட்டது. கேப்டனே "எறங்கிப் போடா, உன் இடத்துக்கு ஆள் போட்டுக்கறேன்" என்றார். நான் இறங்கவில்லை. அம்மா போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பயந்துவிட்டேன். அவ்வளவுதான், அண்ணா. அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று நீ ஜூலையில் எழுதினதைப் படித்துவிட்டு ஒரு வாரம் வெளியே போகவில்லை.

ஆனால் உன்னிடம் போனில் சொல்ல நினைத்தது இதுவல்ல. இதை எப்படியும் எழுதிவிடலாம்.

மூன்றாம் தேதி சாயங்காலம்வரை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொய் எதற்கு, காத்திருந்தேன்தான். பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. வில்பர்ட் என்று சொல்ல நாக்கு வராமல் நான் சின்னதில் உன்னை விப்பி என்றுதான் கூப்பிடுவேன். அப்புறம் வீட்டில் எல்லாருக்குமே நீ விப்பி. அம்மா போய்விட்டாள், அப்பா போய்விட்டார், லுசிலும் போய்விட்டாள். உன்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் பாக்கி. குரல் போகிறதுக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, போனை வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

குளிர் அதிகமாகிறது. கம்பளி போட்டுக்கொள்.

டெல்மர்


ஹெர்மன்
14 டிசம்பர் 2009

தம்பி டெல்மருக்கு,

டுலூத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். ஐயோவா தாண்டும்வரை பனி. வழியில் ஒரு ராத்திரி தங்கி, நிதானமாகவே ஓட்டிவந்தேன். வெர்னா கட்டிக்கொடுத்த ரொட்டி நேற்றுவரை வந்தது. உன் கழுத்துக் கட்டுத்துணியை நாளுக்கு இரண்டு தடவை மாற்றச் சொன்னார்கள், அவள் சொல்வதைக் கேள், சிலேட்டில் கத்தாதே. ஜனவரி கடைசியில் மறுபடி வருகிறேன். இந்தத் தடவை ஒரு மாதம் இருப்பேன், முகம் சுளிக்காதீர்கள்.

இங்கே வந்ததும் பைப்பை எடுத்தேன். பற்றவைக்க மனசு வரவில்லை, வைத்துவிட்டேன்.

உன் வீட்டுக் கதவைத் தட்டினபோது வெர்னா வருவாள் என்று நினைத்தேன். நீ திறந்தாய். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன், அப்பாவின் முகம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. பேச வேண்டியவன் பேச முடியாமல் நிற்கிறான், பேச முடிந்தவனும் நிற்கிறான்.

நீ பலகையை எடுக்கவில்லை. உதட்டை அசைத்தாய்.

நான் "என்னது?" என்றேன். நீ மறுபடி அசைத்தாய். "புரியலடா" என்றேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக, மூன்றாம் தடவையும் மெதுவாகச் சொன்னாய். கிழவனுக்குப் பார்வையும் போய்விட்டது என்று வெர்னா உள்ளே யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

பார்வையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, டெல்மர். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

விப்பி